நெறி கட்டுவது ஏன்?

காலில் ஆணி குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பதை நம் பாட்டிமார் எந்த வைத்தியரையும் கேட்காமலே சொல்லிவிடுவார்கள். ஆனால் குத்தியது பாதத்தில், வீங்குவது தொடையிடுக்கில். இரண்டுக்கும் என்ன உறவு என்று கேட்டால் பாட்டி மட்டுமல்ல, பட்டம் பெற்றவர்களும் விழிப்பார்கள். இருதயத்துக்கும் ரத்தத்துக்கும் பள்ளிப் பாடத்தில் கிடைத்த மரியாதை நிணநீருக்குக் கிடைக்கவில்லை. பாடம் சொல்லிப் பிழைக்கும் நமக்கும் அந்தக் குற்றத்தில் பங்கு உண்டு.

சென்ற ஆண்டு நமது பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது, காசிமேட்டுப் பையன் ஒருவனின் தகப்பனார் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டார். மீன்பிடி துறைமுகத்தில் கூடை சுமப்பவர். உள்ளே வரும்படி அழைத்தோம்.

"இந்தக் காலை வச்சுக்கினு எப்பிடி சார் உள்ள வர்றது?" என்று கைலியைச் சற்று விலக்கிக் காட்டினார். இடது கால் யானைக்கால். விரலிடுக்குகளில் புண் வேறு.

"தினம் கழுவுகிறீர்களா?" என்றோம்.

"தண்ணி பட்டா வீக்கம் ஏறிடும்னு சொல்றாங்க சார். ஈரத் துணியால தொடச்சிக்கறதோட சரி."

இந்தப் பதில்தான் இவ்வாரம் நம்மை எழுத வைத்தது.

ரத்தம் மயிரிழை போன்ற குழாய்களில் ஓடும்போது அதிலுள்ள நீர் கசிந்து சதையை நனைக்கிறது. பெரும் பகுதி ரத்தத்துக்கே திரும்புகிறது. மீதி, நாளொன்றுக்குச் சில லிட்டர், வேறு மெல்லிய குழாய்களின் வழியே போகிறது; அதுதான் நிணநீர். அதைத் தள்ளுவதற்கு இருதயம் போன்ற யந்திரம் கிடையாது. குழாய்ச் சுவர்கள் தாமே மெல்லச் சுருங்குகின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் சதை இறுகித் தளர்ந்து பிழிகிறது. ஏறிய நீர் கீழிறங்காதபடி உள்ளேயுள்ள ஒருவழிக் கதவுகள் தடுக்கின்றன. வழிநெடுகக் கணுக்கள் உண்டு. நம் துறைமுகத்துச் சுங்க அதிகாரிகள் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதுபோல, அவை வரும் நீரைச் சோதிக்கின்றன. காலின் நீருக்குச் சோதனை தொடையிடுக்கில், கையின் நீருக்கு அக்குளில், பல், தொண்டை, தலை இவற்றுக்குக் கழுத்தில். தேறிய நீர் கழுத்தடியில் உள்ள பெரிய ரத்தக் குழாய்களில் சேர்கிறது. பாதத்துக் காயத்தின் கிருமியோடு கணு மல்லுக்கு நின்று வீங்குவதையே நெறி என்கிறோம்.

யானைக்கால் புழு குடியேறுவது இந்தக் குழாய்களில்தான். நூல் போன்றது; பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம்; ஆண்டுக்கணக்கில் உயிர் வாழும். குழாய் விரிந்து கதவுகள் பழுதாகின்றன; நீர் காலிலேயே தேங்குகிறது. அது ஈனும் நுண்ணிய குஞ்சுகள் இரவில் ரத்தத்தில் உலவும். சாக்கடை நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அவற்றை உறிஞ்சி, வளர்த்து, இன்னொருவரிடம் சேர்ப்பிக்கிறது. பக்கிங்ஹாம் கால்வாயோரம் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வசிப்போருக்கு அந்தக் கொசுவை நாம் அறிமுகம் செய்யத் தேவையில்லை.

1872-ல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் மனித ரத்தத்தில் இக்குஞ்சுகளைக் கண்டார். 1877-ல் சீனத்து அமோய் நகரில் பாட்ரிக் மான்சன், தம் தோட்டக்காரரைக் கடித்த கொசுக்களின் வயிற்றில் அவை வளர்வதைக் கண்டார். கொசு செத்து விழுந்த நீரைக் குடிப்பதால் வியாதி வருகிறதென்று அவர் எண்ணியது தவறு. கடியின் மூலமே வருகிறது என்பது 1900-ல் தெளிவாயிற்று. இன்றும் கையாளப்படும் டைஎத்தில்கார்பமசின் மருந்து 1947-ல் அமெரிக்காவின் லெடர்லே ஆராய்ச்சிச் சாலையிலிருந்து வந்தது. அங்கே ஆராய்ச்சியை நடத்தியவர் எல்லாப்பிரகத சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மாணவராயிருந்தபோது கதர் அங்கி அணிந்து ஆசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, உயர்ந்த பட்டம் கிடைக்காமற் போனவர். பட்டத்தில் குறைத்தவர்களின் பெயர் இன்று யாருக்கு நினைவிருக்கிறது!

மருந்து குஞ்சுகளை அழிக்கும். பழுதான கதவுகளைச் செப்பனிடாது. அதனால்தான் காலைப் பேணுவது முக்கியமாகிறது. தேங்கிய நீர் கிருமிகளுக்கு விருந்து. விரலிடுக்குப் புண் வழியே அவை நுழையும்போது குளிர்க் காய்ச்சல் வரும். ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பின்னும் வீக்கம் கூடி, தோல் தடிக்கும். காலைப் பெருக்கச் செய்வது குழாயடித் தண்ணீர் அல்ல, கழுவாமல் விட்ட அழுக்கே. நாள்தோறும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை உலர ஒற்றி, புண்ணுக்கு மருந்திட வேண்டும். இரவில் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்கலாம். உட்கார்ந்திருக்கையில் கணுக்காலைச் சுழற்றினாலும் நீர் ஏறும். காய்ச்சல் நாட்களில் மட்டும் பயிற்சியை விட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

இது பரம்பரை வியாதியல்ல, தொட்டால் ஒட்டுவதுமல்ல. அந்தத் தகப்பனாருக்குக் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள் என்பதால் இதை இரண்டு முறை சொன்னோம். கால் வீக்கமெல்லாம் யானைக்கால் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இருதயமும் சிறுநீரகமும் கெட்டாலும் கால் வீங்கும். கழுத்திலோ அக்குளிலோ வலியின்றி மூன்று வாரத்துக்கு மேல் நிற்கும் கட்டியை எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்கலாகாது. முன்னோர் கண்டமாலை என்றது பெரும்பாலும் க்ஷயமே. புற்றுநோயும் அவ்வாறு தலைகாட்டலாம்.

இரவில் ரத்தம் எடுக்கச் சுகாதார ஊழியர்கள் வந்தால், "தூங்குகிற நேரத்தில் என்ன தொல்லை?" என்று சிலர் கதவைச் சாத்துகிறார்கள். குஞ்சுகள் ரத்தத்தில் மிகுந்து உலவுவது அந்த நேரத்தில்தான் என்பதால் அவர்களும் தூக்கம் கெட்டு வருகிறார்கள்.

இவ்வாண்டுக் கூட்டத்துக்குக் காசிமேட்டுக்காரர் உள்ளே வந்து கடைசிப் பெஞ்சியில் உட்கார்ந்தார். வீக்கம் போய்விடவில்லை, புண் ஆறியிருந்தது. ஆறு மாதமாகக் காய்ச்சல் வரவில்லை என்றார். மகனின் கணக்கு மார்க்கைக் கேட்டுத்தான் அவர் முகம் வாடிற்று.