ஓட்டை பெருசாச்சு... போல்ட் நுழையலை!

போன வாரம் அரியர் புலம்பல் கேட்டு அழுத நண்பர்களே, கண்ணைத் துடைச்சுக்குங்க. இந்த வாரம் ஆட்டோகேட் புலம்பல்!

லேப்ல 'ஸ்கேல்' கமாண்ட் சொல்லிக் கொடுத்த அன்னிக்கு நம்ம எல்லாருக்கும் ஒரே குஷி. எஸ்.சி.-ன்னு தட்டு, பொருளை செலக்ட் பண்ணு, 2-ன்னு கொடு. டபுள் சைஸ்! ரெக்கார்டுல கையெழுத்து, ஃபுல் மார்க், கேன்டீன்ல டீ. மேட்டர் ஓவர்.

ஓவர் இல்ல பாஸ். அது அங்கதான் ஆரம்பிக்குது.

செமஸ்டர் லீவுல கோவையில ஒரு சின்ன வொர்க்‌ஷாப்ல இன்பிளான்ட் ட்ரெய்னிங் போயிருந்தேன். முதல் வாரம் முழுக்க வேடிக்கை. ரெண்டாவது வாரம் ஃபோர்மேன் அண்ணன் ஒரு ட்ராயிங்கைக் காட்டி, "தம்பி, இதே பிளைண்ட் ஃபிளேஞ்ச், அடுத்த சைஸ்ல வேணுமுங்க. வெளிவட்டம் 200 இருக்கு, 220 ஆக்கிக் குடுங்க"ன்னார். குழாய் முனையை மூடுற தட்டு அது. சுத்தி 8 போல்ட் ஓட்டை, ஒவ்வொண்ணும் 18 மி.மீ. அந்த ஓட்டைகளோட மையம் எல்லாம் உட்கார்ந்திருக்கிற வட்டம், அதாவது பி.சி.டி., 160 மி.மீ.

220-ஐ 200-ஆல வகுத்தா 1.1. மொத்தத்தையும் செலக்ட் பண்ணேன். எஸ்.சி., 1.1, என்டர். அரை நிமிஷம்! 'நம்மளை மாதிரி ஆளு கிடைக்க இவங்க கொடுத்து வெச்சிருக்கணும்'னு மனசுக்குள்ள ஒரு பி.ஜி.எம். வேற ஓடுச்சு.

பிரின்ட்டைப் பார்த்த அண்ணன் சிரிச்சார். "ஏனுங் தம்பி, ஓட்டை 19.8-னு போட்டிருக்கு. இதுக்கு டிரில் பிட்டு எந்தக் கடையிலங்க விக்குது?"

அப்பதான் உறைச்சது. தட்டு பெருசாகலாம். ஆனா உள்ள போற போல்ட் அதே எம்16 தானே! கடையில வாங்குற போல்ட், நம்ம ஸ்கிரீன்ல பார்த்துட்டு 1.1 மடங்கு வளராது. பக்கத் தோற்றத்துல 20 மி.மீ. தடிமன்கூட 22 ஆகி உட்கார்ந்திருந்துச்சு. ஸ்கேலுக்கு எது மாறணும், எது மாறக்கூடாதுன்னு தெரியாது. கையில கொடுத்த எல்லாத்தையும் ஊதிப் பெருசாக்கும், அவ்வளவுதான்.

அவசர அவசரமா ஓட்டையை 18 ஆக்கினேன், தடிமனை 20 ஆக்கினேன். பிரின்ட் கொடுத்தேன். டிரில்லிங்கும் முடிஞ்சது.

தட்டைக் கொண்டுபோய் குழாய்ல மாட்டிப் பார்த்தா... ஒரு போல்ட்டும் உருப்படியா நுழையலை!

காரணம், பி.சி.டி. 160, 1.1 மடங்காகி 176 ஆயிருந்துச்சு. அதை நான் தொடவே இல்ல. எதிர்ல இருந்த ஃபிளேஞ்ச்லயோ பி.சி.டி. 180. 4 மி.மீ.தானேன்னு தோணும். கணக்கைப் பாருங்க. விட்டத்துல 4 குறைஞ்சா ஒவ்வொரு ஓட்டையும் 2 மி.மீ. உள்ள தள்ளிப் போயிடும். ஓட்டை 18, போல்ட் 16, விளையாட இருக்கிற இடமே 2 மி.மீ.தான். அதை இந்த விலகலே சாப்பிட்டுடுச்சு. மிச்சம் இருக்கிற வழி சரியா 16. போல்ட்டும் 16. பேப்பர்ல ஓகே, இரும்புல வேலைக்கு ஆகாது!

கிட்டத்தட்ட 6 கிலோ இரும்பு வேஸ்ட். அண்ணன் திட்டியிருந்தாக்கூட பரவால்ல. "நானும் 176-ஐப் பார்த்திருக்கோணும்"னு தன் மேலயும் பாதி பழியைப் போட்டுக்கிட்டு, "எதிர்ல மாட்டப்போற ஃபிளேஞ்சைப் போய் அளந்தீங்களா தம்பி?"ன்னு மட்டும் கேட்டார். பதில் இல்ல என்கிட்ட. மத்தியானம் சோறே இறங்கலை.

அப்புறம் சரியா வரைஞ்சது இப்படித்தான். வெளிவட்டத்தை மட்டும் 220 ஆக்கினேன். ஒரே ஒரு ஓட்டையை வெச்சுக்கிட்டு மத்த ஏழையும் அழிச்சேன். அந்த ஒண்ணை மையத்துல இருந்து 90 மி.மீ. தூரத்துல வெச்சு, போலார் அர்ரேல 8. மொத்தமே ரெண்டு நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் இவ்வளவு கூத்து!

அதுக்குப் பிறகு நான் நோட்டுல எழுதி வெச்சது, உங்களுக்கும் ஃப்ரீ:

* நீளம் மட்டும் மாறணுமா? ஷாஃப்ட் மாதிரி ஐட்டத்துக்கு ஸ்கேல் வேண்டாம், ஸ்ட்ரெச் போதும். வலதுல இருந்து இடதுக்கு விண்டோ போட்டு முனையை மட்டும் பிடிச்சு இழுங்க. விட்டம் அப்படியே இருக்கும்.

* ஸ்கேன் பண்ண படத்தை நிஜ சைஸுக்குக் கொண்டு வரணுமா? இங்கதான் ஸ்கேல் ஹீரோ. எஸ்.சி. கொடுத்து, பேஸ் பாயின்ட்டுக்குப் பிறகு ஆர் தட்டினா 'ரெஃபரன்ஸ்'. அளவு தெரிஞ்ச ரெண்டு புள்ளியை க்ளிக் பண்ணி, நிஜ அளவை டைப் பண்ணுங்க. வகுக்கிற வேலையை அதுவே பார்த்துக்கும். ஆனா இருக்கிறதுலயே நீளமான அளவை எடுங்க. க்ளிக் அரை மி.மீ. தப்பினா 10 மி.மீ.ல அது 5 சதவிகிதம், 500-ல வெறும் 0.1 சதவிகிதம்.

* இன்ச்ல வந்த ட்ராயிங்கை மி.மீ. ஆக்க 25.4. திரும்ப இன்ச் ஆக்க 0.04-னு குத்துமதிப்பா அடிச்சீங்கன்னா 1000-க்கு 16 எக்ஸ்ட்ரா! ரெஃபரன்ஸ்ல 25.4, அடுத்து 1-னு கொடுத்தா பிசிறே இல்ல.

* எதைப் பண்ணாலும் கடைசியில டி.ஐ. தட்டி ரெண்டு மூணு இடத்துல அளந்து பாருங்க. யாராவது டைமென்ஷன் டெக்ஸ்டைக் கையால மாத்தி வெச்சிருந்தா, ஸ்கேல் பண்ண பிறகும் அது பழைய நம்பரையே காட்டி ஏமாத்தும்.

ட்ரெய்னிங் முடிஞ்ச கடைசி நாள், பழைய இரும்புக் குவியல்ல அந்தத் தட்டு கிடந்துச்சு. சர்ட்டிஃபிகேட்ல 'எக்ஸலன்ட்'னு போட்டிருந்தாங்க. ஆனா நான் என்ன கத்துக்கிட்டேன்னு அந்தத் தட்டுலதான் எட்டு ஓட்டையில எழுதியிருந்துச்சு.

அடுத்த வாரம் ஹாஸ்டல் மெஸ் சாம்பார்ல பருப்பைத் தேடுவோம். வரட்டா!