வண்ணப் படத்தை நம்ப முதல் ஒரு கேள்வி

எங்களில் ஒருத்தியின்ரை பெரியம்மாவுக்குத் தலையில் ஸ்கான் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் நாடியொன்றில் சின்ன வீக்கமாம். ஒரு சீடியையும் ஒரு கடதாசியையும் கையில் குடுத்து விட்டார்கள். பரந்தன் சந்தியில் பஸ்ஸால் இறங்கி வந்தவ கேட்ட முதல் கேள்வி, "பிள்ளையள், இது வெடிக்குமோ?" ஏ.எல். விஞ்ஞானம் படித்த மூன்று பேர் அந்த வீட்டில் இருந்தும் ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் நாங்கள் தேடி வாசிக்கத் தொடங்கினோம்.

நாடிச் சுவர் பலவீனமான இடத்தில் பலூன் மாதிரிப் புடைப்பதைத்தான் அனியூரிசம் என்கிறார்கள். வளர்ந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேரளவில் மூளையில் இது இருக்கலாம். பெரும்பாலானவை கடைசிவரை வெடிப்பதில்லை. வெடித்தால் உயிராபத்து. முன்கூட்டியே சிகிச்சை செய்வதிலும் ஆபத்துண்டு. ஆகவே எது வெடிக்கும் என்பதை அறிய, நோயாளியின் நாடியைக் கணினிக்குள் கட்டி அதற்குள் குருதியை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். சிவப்பும் நீலமுமாக வடிவான படம் வரும். குருதி சுவரை எங்கே கூட உரசுது, எங்கே தேங்குது எண்டு அது காட்டும்.

எங்கட கருத்து இதுதான்: அந்தப் படத்தை நம்ப முதல், நாடியின் வடிவம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்கவேண்டும்.

எக்ஸ்றே கருவி தலையைச் சுற்றிவந்து நூற்றுக்கு மேற்பட்ட தட்டைப் படங்களை எடுக்கிறது. அவற்றிலிருந்து முப்பரிமாண உருவத்தைக் கட்டுவது கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு வடிகட்டியைத் தெரிவுசெய்ய வேண்டும். மென்மையான வடிகட்டி புள்ளிகளைக் குறைக்கும், ஆனால் விளிம்பை மங்கச் செய்யும். கூரானது விளிம்பைத் தெளிவாக்கும், ஆனால் இல்லாத மேடுபள்ளங்களையும் காட்டும். பிறகு, எந்தச் சாம்பல் நிறத்தோடு நாடி முடிகிறது என்று ஒருவர் கோடு போடுகிறார்.

இதனால் என்ன வந்துவிடப்போகிறது? இரணைமடு வாய்க்கால் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளங்கும். அதே தண்ணீர் ஒடுங்கின இடத்தால் போனால் கரையை அரிக்கும். குழாயில் சீராக ஓடும் பாய்மம் சுவரை உரசும் விசை, ஆரையின் மூன்றாம் அடுக்குக்கு நேர்மாறு விகிதசமம். 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள நாடியைப் படம் 2.7 என்று காட்டினால் ஆரையில் 10 வீதம்தான் பிழை. அதே அளவு குருதி ஓடுவதாக வைத்துக் கணக்குப் போட்டால் உரசல் 37 வீதம் கூடிவிடும். நோயாளியின் உடம்பில் ஒன்றும் மாறவில்லை. மாறினது படம் மட்டும்.

இது வெறும் பயம் இல்லை. ஜேர்மனியின் மக்டபேர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஒரே நோயாளியின் ஐந்து அனியூரிசப் படங்களை 26 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தார்கள். திரும்பி வந்த வடிவங்கள் குழுவுக்குக் குழு வேறுபட்டன.

இதை வைத்து ஸ்கானே வேண்டாம் என்று யாரும் சொல்லக்கூடாது. வைத்தியர்கள் இன்று இந்தக் கணினி ஓட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுமில்லை. வீக்கத்தின் அளவு, இடம், வயது, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். ஆனால் அங்கேயும் படம்தான் அடிப்படை. 2014இல் வந்த ஃபேசஸ் என்ற புள்ளிமுறையில் 7 மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் அளவுக்கு 0 புள்ளி, 7ஐத் தொட்டால் 3. மயிரிழை மங்கல் ஒருவரைக் கோட்டின் மற்றப் பக்கம் தள்ளிவிடலாம். இன்னொன்று, அந்த முறையில் வட அமெரிக்கர், ஐரோப்பியர், யப்பானியர், பின்லாந்துக்காரர் இருக்கிறார்கள். தெற்காசியருக்கு அதில் இடமில்லை. பெரியம்மாவை எந்த வரியில் எழுதுவது?

ஆகவே எங்களுக்கு வேண்டியது மூன்று. ஸ்கானோடு அது எந்த அமைப்பில் கட்டப்பட்டது என்பதும் பதியப்படவேண்டும், மூலத்தரவும் பாதுகாக்கப்படவேண்டும். கணினி ஓட்டத்தின் முடிவை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், இரண்டு மூன்று விதமாகக் கட்டிப் பார்த்து, இதிலிருந்து இதுவரை என்று சொல்லவேண்டும். எங்கட சனத்தின் படங்களும், அவர்களின் சம்மதத்தோடு, ஆய்வுக்குள் வரவேண்டும்.

இது எங்களுக்கு எட்டாத வேலை இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. மருத்துவ பீடம் யாழ்ப்பாணத்தில். நடுவில் ஏ9 வீதிதான். ஓப்பன்ஃபோம், த்ரீடி ஸ்லைசர் போன்ற மென்பொருட்கள் இலவசம். இரண்டு பீடத்துப் பிள்ளைகளும் ஒரு மேசையில் இருந்தால் தொடங்கலாம்.

பெரியம்மாவுக்கு இப்போது நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: கிளினிக்கைத் தவறவிடாதேங்கோ, பிறசர் குளிசையை நிப்பாட்டாதேங்கோ, திடீரென்று ஒருநாளும் வராத தலையிடி வந்தால் உடனே 1990க்கு அடியுங்கோ. வெடிக்குமோ எண்டு கேட்டதுக்கு இன்னும் எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடுகிறவர்களில் எங்கட ஊர்ப் பிள்ளைகளும் இருக்கவேணும்.