ஸாரைக் கேட்டீங்களா?

ஆபீஸில் சர்வர் மெதுவானால் முதல் குற்றவாளி யார்? கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவன். "தம்பி என்னமோ டவுன்லோடு பண்றாப்ல!" என்று அக்கவுன்ட்ஸ் பக்கமிருந்து ஒரு குரல் கிளம்பும். அதோடு தீர்ப்பு முடிந்தது.

அப்பீலுக்கு ஒரு ஸார் இருக்கிறார். முழுப்பெயர் 'ஸிஸ்டம் ஆக்டிவிட்டி ரிப்போர்ட்டர்'. இங்கிலீஷ் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால்... ஸார்! ஏ.டி. அண்ட் டி. கம்பெனியின் யூனிக்ஸ் ஸிஸ்டம் ஃபைவிலேயே இருந்தவர். லினக்ஸுக்கு அவரை எழுதிக் கொடுத்தவர் செபாஸ்டியன் கோடார் என்ற பிரெஞ்சுக்காரர். இலவசம்தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்திருப்பார். ப்ராஸஸர் எவ்வளவு உழைத்தது, மெமரி எவ்வளவு மிச்சம், டிஸ்க்கில் எவ்வளவு எழுதினார்கள், எத்தனை வேலை வரிசையில் நிற்கிறது என்று குறித்துவிட்டு மறுபடி படுத்துவிடுவார். தேதிக்கு ஒரு ஃபைல். யாரையும் திட்ட மாட்டார், யாருக்கும் பரிந்து பேச மாட்டார். (நான் பார்த்த ஸார்களில் இவர் ஒருத்தர்தான் இப்படி.)

ராஜபாளையம்காரர்களுக்கு இது ஒன்றும் புதுசில்லை. ஸ்பின்னிங் மில்லில் 'ஹாங்க் மீட்டர்' பார்த்திருப்பீர்கள். 840 கஜம் நூல் ஓடினால் ஒரு ஹாங்க். ஷிஃப்ட் முடிந்ததும் மீட்டரைப் பார்த்து எழுதுவார்கள். "நல்லாத்தாண்ணே ஓட்டுனேன்" என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

இனி கிருஷ்ணன்கோவில் பையன் கதை. 1984-ல் அங்கே கலசலிங்கம் எஞ்சினியரிங் காலேஜ் வந்தாலும் வந்தது, வத்திராயிருப்பு ரோடு பிரிகிற இடத்தில் டீ குடிக்கிறவர்களில் யார் எஞ்சினியர், யார் இல்லை என்று கண்டுபிடிக்க முடியாது. இவனும் எஞ்சினியர். பக்கத்தில் ஒரு ஆபீஸில் (பேர் வேண்டாம்) சர்வரைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஒருநாள் ராத்திரி போன்.

"அண்ணே, தினம் பதினோரு மணிக்கு சர்வர் படுத்துருது. நான் கிரிக்கெட் பாக்குறதாலதான்னு மேனேஜர் சொல்றாரு. இந்த மாசத்தோட நின்னுக்கன்னு சொல்லிருவாரு போலண்ணே..."

"ஸாரைக் கேட்டியா?"

"அவருதாண்ணே திட்டுறதே!"

விளக்கிச் சொன்னேன். அதிர்ஷ்டம், ஸார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார். சில லினக்ஸ் வகைகளில் அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் மட்டும் போதாது. ஒரு ஃபைலில் 'ட்ரூ' என்று எழுதி எழுப்பிவிட வேண்டும். வம்பு வந்த பிறகு எழுப்பினால் நேற்று நடந்ததை அவரால் சொல்ல முடியாது. பழைய ஃபைலையும் ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார். ஏழு நாளோ இருபத்தெட்டு நாளோ, செட்டிங்கைப் பொறுத்தது, அப்புறம் அழித்துவிடுவார்.

பையன் ஒரு வாரத்து ஃபைலை எடுத்துப் படித்தான். காலை 10.50-க்கு ப்ராஸஸர் ஹாயாக இருக்கிறது. 11.10-க்கு அது உழைத்தது வெறும் 6 சதவீதம். ஆனால், 'ஐ.ஓ. வெயிட்' என்ற இடத்தில் 81! அதென்ன? புரோட்டாக் கடையில் கல் காய்ந்து கிடக்கிறது, மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், உள்ளேயிருந்து மாவு வரவில்லை. அதுதான். மாஸ்டர் ப்ராஸஸர், மாவு டிஸ்க்கிலிருந்து வர வேண்டும். வெளியே சாப்பிட உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மாஸ்டர்தான் சோம்பேறி.

அடுத்த ஃபைலைப் பார்த்ததும் பையன் கத்தியேவிட்டான். "அண்ணே, ஞாயித்துக்கிழமையும் அதே பதினோரு மணிக்கு 80-க்கு மேலண்ணே!" ஞாயிற்றுக்கிழமை ஆபீஸுக்குப் பூட்டு. பையன் வீட்டில் குப்புறப்படுத்துத் தூக்கம்.

எப்போது, எவ்வளவு என்பதோடு ஸார் நிறுத்திக்கொள்வார். யார் என்று நாம்தான் தேட வேண்டும். சர்வரின் டைம்டேபிளைத் திறந்தால் ஆள் உள்ளேயே இருந்தார்: பேக்கப்! மொத்த டிஸ்க்கையும் நகல் எடுக்கிற வேலை. ராத்திரி பதினோரு மணிக்கு ஓட வேண்டியது. அந்த டைம்டேபிள் ரயில்வே கணக்கு; 23 என்று போட வேண்டும். ஸாஃப்ட்வேர் விற்றவர்களின் ஆள் 11 என்று போட்டுவிட்டுப் போயிருந்தார். இரண்டு எழுத்து திருத்தினான், சரியாகிவிட்டது.

பேப்பரைப் பார்த்துவிட்டு மேனேஜர், "சரி, அப்ப கிரிக்கெட் பாக்கலையா நீ?" என்றாராம். அது வேறு விஷயம்.

இதே சண்டை நாடு பூராவும் நடந்தது ஞாபகமிருக்கிறதா? 2021 ஏப்ரல் 28, சாயந்திரம் நாலு மணி. பதினெட்டு வயசைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசிப் பதிவு 'கோவின்' தளத்தில் திறந்தது. போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு ஓ.டி.பி. வரவில்லை, திரை நகரவில்லை. படுத்துவிட்டது என்றார்கள். படுக்கவில்லை, ஆரம்பத்தில் நிமிஷத்துக்கு 27 லட்சம் தட்டல் வந்தும் தாங்கியது என்றது சர்க்கார். என்னைக் கேட்டால் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முதல் சில நிமிஷம் மாட்டிக்கொண்டவருக்கு மூன்று மணிநேரத்து மொத்தக் கணக்கைக் காட்டி என்ன பிரயோஜனம்?

நம்ம ஸாரிடமும் அதே கோளாறு உண்டு. ப்ராஸஸர் ஒரு நிமிஷம் நூறு சதவீதம் திணறி, மற்ற ஒன்பது நிமிஷம் சும்மா இருந்தால், பத்து நிமிஷக் கணக்கில் 10 என்றுதான் காட்டுவார். பார்க்கிறவர் 'ஆஹா, ஆரோக்கியம்!' என்று போய்விடுவார். இடைவெளியை ஒரு நிமிஷமாக்கச் சொல்லலாம். ஃபைல் கொஞ்சம் பருக்கும். இன்றைய டிஸ்க்குக்கு அதெல்லாம் சுண்டைக்காய்.

கிருஷ்ணன்கோவில் பையன் மாற்றிவிட்டான். இப்போது தினம் காலையில் வந்ததும் மேனேஜர் கேட்கிற முதல் கேள்வி, "ஸார் என்ன சொல்றாரு?"