யாரிடமிருந்து வந்தது?

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று சொன்னதும் பல பெண்கள் முதலில் கேட்பது புற்றுநோயைப் பற்றி அல்ல. "எனக்கு இவரைத் தவிர வேற யாரையும் தெரியாது டாக்டர், இது எப்படி வந்துச்சு?" என்றுதான் கேட்கிறார்கள். கணவர் கூட வந்திருந்தால் அவர் முகத்திலும் அதே கேள்வி. நாம் அப்போது சொல்லும் பதிலைப் பொறுத்தே அந்தப் பெண் அடுத்த பரிசோதனைக்கு வருவாரா என்பது இருக்கிறது. சில வீடுகளில் அதன்பின் அவர் எப்படி நடத்தப்படுவார் என்பதும். "உடலுறவால வர்றதும்மா" என்று முடித்துவிட்டு அடுத்த நோயாளியை அழைக்கும் வழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

இந்த வைரஸ் ரத்தத்தின் வழியே பரவுவதில்லை. தோலும் சளிச்சவ்வும் உரசும்போது ஏற்படும் நுண்ணிய சிராய்ப்பு வழியே எபிதீலியத்தின் அடித்தளச் செல்களுக்குள் நுழைகிறது. அதனால் முழுமையான உடலுறவு இல்லாமலும் தொற்றலாம். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். அது மூடாத தோல் மிச்சமிருப்பதால் முற்றாகத் தடுக்காது. உடலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது தொற்றுகிறது. பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே அடங்கிவிடுகின்றன. அடங்கிய தொற்று முற்றிலும் அழிந்ததா, கண்டறிய முடியாத அளவுக்கு ஒடுங்கிக் கிடக்கிறதா என்பதை நம் பரிசோதனைகள் பிரித்துச் சொல்வதில்லை. எதிர்ப்பாற்றல் குறையும்போது, பல ஆண்டுகள் கழித்தும், அது மீண்டும் தென்படலாம். ஆகவே 45 வயதுப் பெண்ணிடம் இன்று தெரியும் தொற்று அவருக்குத் திருமணமான புதிதில் வந்ததாக இருக்கலாம். கணவருக்கோ அவருக்கோ அதற்கும் முன்பே இருந்ததாகவும் இருக்கலாம். யாருக்கு முதலில், எப்போது, யார் மூலம் என்று எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது. இந்த முடிவை வைத்து எவருடைய நடத்தையையும் அளக்க வழியே இல்லை. அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் இதை நாமே சொல்லிவிட வேண்டும்.

குடும்பத்தில் சண்டை வராமலிருக்க, "பொதுக் கழிப்பறையில வந்திருக்கும்" என்று சொல்லி அனுப்பும் சக மருத்துவர்களும் செவிலியர்களும் உண்டு. நோக்கம் நல்லது, ஆனாலும் அந்தப் பதில் கூடாது. கழிப்பறையோ துண்டோ சோப்போ இந்த வைரஸ் பரவும் முக்கிய வழி என்பதற்கு ஆதாரம் இல்லை. அப்படி நம்பிப் போகிறவர் கிருமிநாசினி ஊற்றிக் கழுவிக்கொண்டிருப்பார். மகளுக்குத் தடுப்பூசி எதற்கு என்று கேட்டால் அவரிடம் விடை இருக்காது. உண்மையைச் சொல்லியே அந்த வீட்டைக் காப்பாற்ற முடியும் என்னும்போது பொய் எதற்கு?

"அவருக்கும் டெஸ்ட் எடுக்கலாமா?" என்பது அடுத்த கேள்வி. ஆண்களுக்கென்று வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் ஹெச்.பி.வி. பரிசோதனை இல்லை, வைரஸை ஒழிக்கும் மருந்தும் இல்லை. பாலுறுப்பில் மரு இருந்தால் அதற்குச் சிகிச்சை தரலாம். மருவுக்குப் பெரும்பாலும் காரணம் 6, 11 ஆகிய வகைகள். கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம் 16, 18. இதைச் சொல்லாவிட்டால் மரு வந்தவர்கள் அதையே புற்றுநோய் என்று எண்ணி நடுங்குகிறார்கள்.

30 வயதுக்குக் கீழே உள்ள பெண்களுக்கு ஹெச்.பி.வி. பரிசோதனையை எழுதாதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மட்டும் 25 வயதில் தொடங்க உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இளம் வயதில் தானே மறையப்போகும் தொற்றைத் தேடிப் பிடித்து ஒரு குடும்பத்தைக் கலக்குவதில் எந்தப் பயனும் இல்லை.

தடுப்பூசி ஏற்கெனவே உள்ள தொற்றைப் போக்காது. தொற்றுக்கு முந்தைய வயதில், 9 முதல் 14க்குள் போடுவதே சிறப்பு. 2010இல் இந்தியாவில் தடுப்பூசி ஆய்வுகள் நிறுத்தப்பட்டபோது ஒரே தவணையோடு நின்றுபோன சிறுமிகளைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்ததில், அந்த ஒரு தவணையே 16, 18 வகைகளின் நீடித்த தொற்றை நன்றாகத் தடுத்தது தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் ஒற்றைத் தவணையை ஏற்றுக்கொண்டதற்கு இந்தச் சான்றும் துணைநின்றது.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 80,000 பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறக்கிறார்கள். தொற்று நீடித்துப் புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகின்றன. இடையில் நமக்கு எத்தனையோ வாய்ப்புகள். திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியர்கள் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்துச் செய்த பரிசோதனையே இந்தப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பை 35 விழுக்காடு குறைத்தது. 2007இல் லான்செட்டில் வெளியான முடிவு அது. அந்தப் பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள், சிகிச்சைக்கும் வந்தார்கள். வெட்கத்தோடும் சந்தேகத்தோடும் வீட்டுக்குப் போகிறவர் திரும்பி வரமாட்டார்.

முடிவை முதலில் அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொல்லுங்கள். முடிவுத்தாளைக் கணவரிடமோ மாமியாரிடமோ கொடுக்காதீர்கள். கணவரிடம் பேச வேண்டுமா என்பதை அந்தப் பெண்ணே தீர்மானிக்கட்டும். விரும்பினால் நீங்களும் உடனிருந்து பேசுங்கள். அடுத்து வரவேண்டிய தேதியை எழுதிக் கொடுத்து, அன்று வராவிட்டால் தேடிப்போய் அழைத்து வாருங்கள்.