வியட்நாமில் வேரூன்றிய சர்வகலாசாலை உறவு

1975-இல் யுத்தம் ஓய்ந்த பிறகும் நெடுங்காலம் பகைமை தணியாதிருந்த அமெரிக்காவும் வியட்நாமும் 1995 ஜூலையில்தான் ராஜதந்திர உறவை ஏற்படுத்திக்கொண்டன. அதற்கு முந்திய ஆண்டிலேயே, ஹார்வர்டு சர்வகலாசாலையும் ஹோ சி மின் நகரத்துப் பொருளாதார சர்வகலாசாலையும் கூடி, ஃபுல்பிரைட் பொருளாதாரப் போதனைத் திட்டத்தைத் தொடங்கிவிட்டன. அந்த யுத்தத்தைப் பற்றி 1966-இல் அமெரிக்க செனட் சபையில் பகிரங்க விசாரணை நடத்திய செனட்டர் ஃபுல்பிரைட்டின் பெயரை அத்திட்டம் தாங்கியது மிகவும் பொருத்தமே.

1986-இல் ‘தோய் மோய்’ என்னும் பொருளாதாரச் சீர்திருத்தத்தை மேற்கொண்ட வியட்நாம் அரசாங்கத்தில், விலையையும் உற்பத்தியையும் மேலிடத்து உத்தரவால் நிர்ணயித்தே பழகிய உத்தியோகஸ்தர்களுக்கு, சந்தை, வரி, வங்கி, நில உரிமை ஆகியவற்றைப் புதிதாகக் கற்க வேண்டிய அவசியம் நேர்ந்தது. திட்டத்தை நடத்தியோர் கெட்டிக்காரர் சிலரைப் பொறுக்கியெடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, அதையே சர்வதேச ஒத்துழைப்பு என்று சொல்லித் திருப்தியடைந்திருக்கலாம். அப்படி அதோடு நின்றுவிடாமல், மாகாணங்களிலிருந்து உத்தியோகஸ்தர்களையும் கல்லூரி ஆசிரியர்களையும் ஹோ சி மின் நகரத்துக்கே வரவழைத்து, வியட்நாமிய மொழியிலேயே பாடம் நடத்தி, அந்நாட்டுப் பிரச்சினைகளையே ஆராய்ச்சிக்கும் பாடத்துக்கும் விஷயமாக்கி, பாடங்களைப் பின்னர் இணையத்தில் எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட்டதைத்தான் நான் அத்திட்டத்தின் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன். பொருளாதாரத் தத்துவங்கள் உலகுக்குப் பொதுவாயிருக்கலாம். நெல் விளையும் மேக்கோங் கழிமுகத்தில் ஒரு குடியானவனுக்கு நிலத்தின்மீது என்ன பாத்தியதை உண்டு, அவனுக்கு யார் கடன் கொடுப்பார், பாசனத்துக்கு யார் பொறுப்பு என்பவை அவ்வூர்ச் சட்டத்தையும் வழக்கத்தையும் அறிந்தவரோடு வாதாடியே தெளிய வேண்டியவை. அந்த வாதத்தில் வெளிநாட்டுப் பேராசிரியரும் மாணவராகிறார். அவர் கற்றுத் திரும்புவது அற்பமன்று.

இத்தகைய காரியம் ஓரிரு ஆண்டுகளில் கைகூடுவதன்று. பொதுக்கொள்கையில் முதுகலைப் படிப்பு 2008-இல்தான் அங்கே ஆரம்பமாயிற்று. அத்திட்டத்தின் வழிவந்து தனித்து நிற்கும் வியட்நாம் ஃபுல்பிரைட் சர்வகலாசாலைக்கு 2016-இல் அனுமதி கிடைத்தது. மூன்றாண்டு மானியம் தீர்ந்ததும் கலைந்துபோகும் ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் துணைவேந்தர்களும், அவற்றுக்குப் பணம் ஒதுக்கும் அரசாங்கங்களும், இந்த இருபத்திரண்டு ஆண்டுப் பொறுமையை எண்ணிப் பார்ப்பார்களாக.

ஆயினும், அச்சர்வகலாசாலையின் தர்மகர்த்தா சபைக்கு முதல் தலைவராக, 1969-இல் ‘தான் ஃபோங்’ என்னும் வியட்நாமியக் கிராமத்தில் பெண்களும் குழந்தைகளும் மாண்ட தாக்குதலுக்குத் தலைமை வகித்த அமெரிக்கரான பாப் கெர்ரியை நியமித்தபோது, வியட்நாமிலே பலத்த ஆட்சேபம் எழுந்தது. அவர் தம் செயலுக்கு வருந்தியவர், இரு நாடுகளும் சமாதானமடையப் பாடுபட்டவர் என்று பரிந்து பேசியவர்களும் அந்நாட்டில் இருந்தார்கள். நியமனம் தவறு என்பதே என் அபிப்பிராயம். மக்களைக் கலந்தே கொள்கை வகுக்க வேண்டுமென்று போதிக்க வந்த ஸ்தாபனம், தன் தலைவரைத் தேர்ந்தெடுக்குமுன் அந்தக் கிராமத்தாரைக் கேட்டிருக்க வேண்டும்.