கச்சேரியில் இருந்து எங்கள் வாசல் வரைக்கும்



அனர்த்தம் வந்தால் அரசாங்கம் என்ன செய்யும்? எந்தக் கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்புத்தான் பதிலாக வரும். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்குவார்கள். சாப்பாட்டுப் பார்சல் வரும். உலர் உணவு வரும். பெயர் பதிய வருவார்கள். பதிந்துகொண்டு போனவர்கள் மறுபடியும் வந்து பதிவார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இவை எல்லாம் அனர்த்தத்துக்குப் பிறகு நடப்பவை. அதற்கு முன்னால் இருக்கும் ஒன்றிரண்டு மணித்தியாலங்களைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு கதைக்கப் போகிறேன்.

2004 டிசெம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. போயா தினமும் கூட. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியபோது எங்கள் கடிகாரங்களில் காலை ஏழு மணிக்குச் சற்று முன். எங்கள் கிழக்குக் கரையை அலை தொட்டபோது எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில். தெற்கே பேரலியவில் அது ரயிலைப் புரட்டியபோது ஒன்பதரை அளவில். இந்த இடைவெளிக்குள் உலகத்தின் பல நிலையங்களில் நடுக்கம் பதிவாகியிருந்தது. இலங்கையில் அதைக் கேட்டுவாங்கி மக்களுக்குச் சொல்லுவதற்கென்று ஒரு இடம் இருக்கவில்லை. யாராவது அறிந்திருந்தாலும் அடுத்ததாக எந்தக் கதவைத் தட்டுவது என்று அவருக்குத் தெரிந்திராது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதில் உங்கள் வீட்டாரும் இருக்கக்கூடும். என் சிநேகிதிகள் இருக்கிறார்கள்.

அதன் பிறகுதான் சட்டம் வந்தது. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம். சனாதிபதி தலைவராகவும் பிரதமர் உபதலைவராகவும் உள்ள ஒரு தேசிய சபை, அதன் கீழ் கொழும்பில் அனர்த்த முகாமைத்துவ நிலையம், மாவட்டச் செயலகங்களில் அதன் பிரிவுகள். 117 என்ற இலக்கத்தை எடுத்தால் இரவு பகல் எந்நேரமும் அந்த நிலையத்தோடு கதைக்கலாம். இந்த இலக்கத்தை அடுப்படிச் சுவரில் கரியால் என்றாலும் எழுதி வையுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு உத்தியோகத்தர் திரையில் படம் ஒன்றைக் காட்டினார். பெட்டி பெட்டியாக வரைந்து அம்புக்குறி போட்டிருந்தது. கடலடி நடுக்கத்தைப் பற்றி இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் அறிவிக்கும். அதை வளிமண்டலவியல் திணைக்களம் பெற்றுக்கொள்ளும். அங்கிருந்து அனர்த்த முகாமைத்துவ நிலையம். அங்கிருந்து ஒரே நேரத்தில் மாவட்டச் செயலகம், பொலிஸ், முப்படை, வானொலி, தொலைக்காட்சி, கரையோரக் கோபுரங்கள். மாவட்டத்தில் இருந்து பிரதேச செயலகம். அங்கிருந்து கிராம அலுவலர். கடைசியாக ஒரு பெட்டி. அதற்குள் 'பொதுமக்கள்' என்று எழுதியிருந்தது.

இப்படி வரைந்து பார்ப்பதைத்தான் படித்தவர்கள் மாதிரியுரு என்கிறார்கள். ஒவ்வொரு அலுவலகமும் ஒரு புள்ளி, அவற்றுக்கு இடையில் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் எத்தனை நிமிடம் என்று கணனிக்குக் கொடுத்துவிட்டு, ஒரு புள்ளியை அழித்தால் செய்தி எங்கே நின்றுபோகிறது என்று பார்ப்பார்களாம். இந்து சமுத்திரத்தைச் சுற்றியுள்ள நாடுகள் 2009 ஆம் ஆண்டில் இருந்து இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை சேர்ந்து சுனாமி ஒத்திகை செய்வதும் இதற்காகத்தான். நல்ல வேலை. நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடைசிப் பெட்டி என் மனதை விட்டுப் போகவில்லை. அலுவலகங்களுக்கு ஏழெட்டுப் பெட்டிகள். எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெட்டி.

ஆகவே சென்ற மாதம் முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றின் மாதர் சங்கத்துக்குப் போனபோது, அதே படத்தைப் பாயில் வைத்துப் பார்ப்போம் என்றேன். சிரட்டைகள்தான் அலுவலகங்கள். வலை நூல்தான் அம்புக்குறி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு புளியங்கொட்டை. முதலில் எல்லோரும் விளையாட்டாகத்தான் வந்து குந்தினார்கள்.

கொழும்புச் சிரட்டைகளுக்கு இடையில் ஒன்றிரண்டு கொட்டைதான் விழுந்தது. கொழும்பில் இருந்து கச்சேரிக்கும் அப்படித்தான். பிரதேச செயலகத்தில் இருந்து கிராம அலுவலருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அதுவரைக்கும் படம் சரி. கிராம அலுவலரின் சிரட்டையில் இருந்து வீடுகளுக்கு நூலை இழுக்கும்போதுதான் ஒரு அக்கா கையைப் பிடித்தார்.

"ஞாயிற்றுக்கிழமை எண்டால் என்ன செய்யிறது?"

அவர்களின் கிராம அலுவலர் இரண்டு பிரிவுகளைப் பார்க்கிறார். வீடு தூரத்தில். ஞாயிற்றுக்கிழமை அவர் இங்கே இருக்கமாட்டார். அது அவர் குற்றமும் அல்ல. சிரட்டையை எடுத்து அப்பால் வைத்தோம். நூல் அறுந்து கிடந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. புளியங்கொட்டைகள் அந்த ஒரு இடத்திலேயே குவியத் தொடங்கின.

பொலிஸும் படையினரும் வந்து சொல்லுவார்கள்தானே என்றேன். படத்தில் அந்தக் கோடுதான் மிகவும் குறுகியது. வாகனம் உண்டு, ஆட்கள் உண்டு. கணவர் காணாமல் போய்ப் பதினைந்து வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளோடு தனித்து இருக்கும் ஒருவர் மெல்லச் சொன்னார்: "இரவிலை சீருடையோடை வந்து கதவைத் தட்டினால் நான் திறக்க மாட்டன் அக்கா. என்ன சொன்னாலும் திறக்க மாட்டன்." நாலைந்து தலைகள் ஆமென்று ஆடின. எந்தக் கணனிக்கும் இது தெரியாது. செய்தி வாசல் வரைக்கும் வந்துவிட்டது என்று அது கணக்கு வைத்திருக்கும்.

சைரனைப் பற்றியும் அப்படித்தான். வயதில் மூத்த ஒரு அம்மா, "பிள்ளை, எங்களுக்குச் சத்தம் கேட்டால் கால் தானாய்க் குனியும்" என்றார். எனக்கு மயிர் சிலிர்த்தது. எத்தனை வருடம் கிபிர் சத்தத்துக்குப் பதுங்குகுழிக்குள் பாய்ந்தவர்கள் நாங்கள். உடம்பு கற்ற பாடம் அது, உயிரைக் காத்த பாடமும் அதுதான். கடல் வரும்போது அதே பாடம் உயிரை எடுக்கும். பள்ளம் தேடக்கூடாது. மேடு தேட வேண்டும், உள்நாட்டுப் பக்கம் போக வேண்டும். இந்த வித்தியாசத்தை எங்கள் பெண்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எந்தக் கையேட்டிலும் நான் இதுவரை வாசிக்கவில்லை.

இன்னொரு சிரட்டையும் அன்று பாயில் ஏறியது. அதை வைத்தது நான்தான். 2012 ஏப்ரில் 11, பிற்பகல் இரண்டு மணி கடந்து சுமாத்திராவுக்கு அப்பால் மறுபடியும் 8.6 அளவில் நடுக்கம். கரையோரம் முழுவதும் எச்சரிக்கை. நான் அப்போது கடலுக்குக் கிட்ட ஒரு சிநேகிதி வீட்டில் நின்றேன். எங்களுக்கு முதலில் சொன்னது எந்த அலுவலகமும் அல்ல. லண்டனில் இருக்கும் அவளுடைய தங்கச்சி! "ரீவியிலை போகுது, பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஓடு" என்றாள். அலுவலகத்தில் இருந்து ஆள் வந்து சேர்ந்தபோது நாங்கள் பிரதான வீதியில் நின்றோம். நல்ல வேளையாக அன்று பெரிய அலை வரவில்லை. பாயில் 'லண்டன்' என்று சிரட்டை வைத்தபோது எல்லோரும் மறுபடியும் சிரித்தார்கள். ஆனால் உண்மையாகவே எங்கள் ஊர்களில் அது ஒரு கோடு. தங்கச்சி இல்லாத வீட்டுக்கு அந்தக் கோடும் இல்லை.

அலுவலகங்களுக்கு இடையிலும் கோடு போட்டுவிட்டால் போதாது என்பதற்கு எங்கள் பகுதியிலேயே சாட்சி உண்டு. 2005 ஜூன் 24 இல் அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் சுனாமி நிவாரணத்துக்காகப் பொதுக்கட்டமைப்பு ஒன்றில் கைச்சாத்திட்டார்கள். வடக்குக் கிழக்கின் ஆறு மாவட்டங்களுக்கு மூன்று படிகளில் குழுக்கள். தாளில் அழகான படம். அடுத்த மாதம் உயர் நீதிமன்றம் முக்கியமான சில பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அது நடைமுறைக்கு வரவே இல்லை. நாங்கள் தகரக் கொட்டில்களில் இருந்து பத்திரிகையில் வாசித்தோம்.

கடலில்லாத ஊர்ச் சகோதரிகள் இது தங்களுக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். 2018 டிசெம்பர் 21 இரவு கொட்டிய மழையில் இரணைமடுக் குளம் நிறைந்து வான்கதவுகள் திறக்கப்பட்டன. கனகராயன் ஆறு பெருகிக் கிளிநொச்சியில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. குளத்தின் கதவு நீர்ப்பாசனக்காரரின் பொறுப்பு. கீழே இருக்கும் சனம் பிரதேச செயலாளரின் பொறுப்பு. யார் எப்போது யாருக்குச் சொன்னார்கள் என்பது பிறகு விசாரணை வரைக்கும் போனது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலைநாட்டில்தான் அதிகம், மண் சரிந்து. மண்சரிவு எச்சரிக்கையைத் தருவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். ஆனால் நடுச்சாமத்தில், மழைக்குள், கைப்பிள்ளையோடு லயத்தை விட்டு எங்கே போவது என்பதை இன்னொருவர் சொல்ல வேண்டும். ஒரு அலுவலகம் முடிக்கும் இடத்தில் மற்றது தொடங்க வேண்டும். பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள்தான் ஆட்கள் சாகிறார்கள்.

சரி, பாய்க்கு வருகிறேன். குவிந்த கொட்டைகளை எப்படிக் குறைப்பது என்று அவர்களே கதைத்தார்கள். நான் பேசாமல் இருந்தேன். அறுபத்திரண்டு வீடுகளை ஐந்தாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பெண். கடலுக்குப் போகாத, பகலில் வீட்டில் நிற்கும், கைத்தொலைபேசி தன் கையிலேயே வைத்திருக்கும் பெண்ணாக இருக்க வேண்டும். (மகனின் கையில் இருக்கும் தொலைபேசி கணக்கில் இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.) பிரதேச செயலகம் கிராம அலுவலரைக் கூப்பிடும்போது அவர் இந்த ஐந்து பேரைக் கூப்பிட்டால் போதும். இரவில் யார் வந்து தட்டினாலும் அந்தப் பங்குக்குரிய பெண் கூடவே வந்து வீட்டுக்காரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். காது கேளாத ஆச்சிக்கு ஜன்னலால் வெளிச்சம் அடிக்க வேண்டும். கோயில் ஒலிபெருக்கியின் திறப்பு எங்கே இருக்கிறது என்று ஐந்து பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடையாள அட்டை, காணாமல் போனவர் பற்றிய கடிதங்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே பையில். இதை எங்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. எத்தனை இடம்பெயர்வு!

இரண்டாவது கூட்டத்துக்குக் கிராம அலுவலரையும் அழைத்தோம். இளம் ஆள். வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாய் ஓரத்தில் குந்தினார். தன் சிரட்டை அப்பால் தனியாகக் கிடப்பதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஞாயிற்றுக்கிழமையிலை நான் இந்த நம்பரிலை இருப்பன்" என்று இரண்டாவது இலக்கத்தைக் கொடுத்தார். ஐந்து பேரின் பெயர்களையும் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். தான் மாற்றலாகிப் போனால் அடுத்து வருபவருக்கு இந்தத் தாள் போய்ச் சேருமா என்று ஒரு அக்கா கேட்டார். கோவையில் போட்டு வைப்பேன் என்றார். கோவை என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பிரதி பிரதேச செயலாளருக்கும் ஒரு பிரதி கச்சேரியில் உள்ள அனர்த்தப் பிரிவுக்கும், கையொப்பம் வாங்கிக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

பிறகு நடந்து பார்த்தோம். கோயிலடியில் இருந்து பாடசாலை மேடு வரைக்கும், பிள்ளைகளோடும் பையோடும். எல்லோருக்கும் நேரம் போதுமாக இருந்தது, ஒருவரைத் தவிர. களப்பு ஓரத்தில் கடைசி வீடு. ஷெல்லில் ஒரு காலை இழந்தவர். பொய்க்கால் மணலில் புதையும். அவர் பாதி வழியில் நின்று, "என்னை விட்டிட்டுப் போங்கோ, நான் ஆறுதலாய் வாறன்" என்றார். யாரும் நகரவில்லை. பக்கத்து வளவில் ஓட்டோ ஒன்று உண்டு. ஆனால் அது காலை ஆறு மணிக்கே சந்திக்குப் போய்விடும். அடுத்த கூட்டத்துக்கு ஓட்டோக்காரத் தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறோம்.