தோணியை இழுத்தவர்கள்



சென்னையிலிருந்து தெற்கே வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்து உப்பளக் கரையில் வந்து முடிகிறது. லாரிகள் பெருகாத காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய தோணிகள் இதன் வழியே சென்னைக்குப் போயின. உல்லாசமாகப் பயணம் செய்தவர்களும் உண்டு. பாவேந்தர் பாரதிதாசன் அவர்களுள் ஒருவர். தோழர்களுடன் சென்னையில் தோணி ஏறி மாமல்லபுரம் நோக்கிச் சென்றதை அவர் ‘மாவலிபுரச் செலவு’ என்னும் பாடலாக்கியிருக்கிறார்.

அவர் சுயமரியாதை இயக்கத்துக் கவிஞர், கடவுள் மறுப்பாளர். அவருடைய பாடலை ஒரு போதகர் எடுத்துப் பேசுவது உங்களில் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும் நம் சாட்சிக் கூட்டங்களில் நான் அரிதாகக் கேட்கிற ஒன்று அந்தப் பாடலில் இருக்கிறது. பொன்னாய்ப் பரவிய வெயில், நீரில் தெரிந்த வானம், தோணியிலிருந்தே படித்து மகிழ்ந்த கவிதை என்று பயணத்தின் இன்பங்களைச் சொல்லி வருகிறவர், ஓரிடத்தில் கரையைப் பார்க்கிறார். ஒரு மனிதன் தோணிக் கயிற்றைத் தோள்களில் தாங்கி இழுத்துக்கொண்டு நடக்கிறான். பின்புறம் இன்னொருவன் முதுகு வளைந்து கோலால் தள்ளுகிறான். அந்தக் காட்சியைக் கவிஞரால் பொறுக்க முடியவில்லை.

இதைத் தற்செயலான சந்திப்பு என்று சொல்லலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடல் உழைப்பால் தோணியை நகர்த்துகிறவர்கள் பயணத்தின் நடுவே எதிர்ப்பட்ட அந்நியர்கள் அல்லர். அவர்கள் இல்லையேல் பயணமே இல்லை. கண்தான் அவர்களிடம் தாமதமாகப் போய்ச் சேருகிறது.

லூக்கா 16-ஆம் அதிகாரத்து ஐசுவரியவானை நினைத்துக்கொள்ளுங்கள். பாதாளத்தில் வேதனைப்படும்போது அவன் லாசருவைப் பெயர் சொல்லியே கேட்கிறான். அப்படியானால், வாசலருகே கிடந்தவனின் பெயர் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது! அங்கேயும் அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. தன் நாவைக் குளிரப்பண்ண லாசருவை அனுப்பும்படி ஆபிரகாமிடம் கேட்கிறான். பிறர் தனக்காக நடக்கவே படைக்கப்பட்டவர்கள் என்ற எண்ணம் பாதாளத்திலும் அவனை விட்டுப் போகவில்லை. அவன் செய்த கொடுமை என்று வேதம் எதையும் பட்டியலிடாததை நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அந்தக் கால்வாய்க்கே இன்னொரு கதை உண்டு. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, தாது வருஷப் பஞ்சத்தின்போது 1877-78-இல் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பெயர் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனுடையது. மண் சுமந்தவர்களோ பசித்த ஏழைகள்.

இன்று கயிறு இழுப்பவர்கள் இல்லை. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நம் சபைகளின் வேன்கள் சுற்றுலா போகும்போது, மரக்காணத்தில் வெள்ளைக் குவியல்களைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். எதிர்ப்படுகிறவரிடம் ஒரு கைப்பிரதியைக் கொடுத்துவிட்டு வேனில் ஏறிவிடுகிறோம். கொடுப்பது தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை வாங்கிய கையின் வெடிப்புகளைப் பார்த்தோமா? ‘இன்று என்ன கூலி, அம்மா?’ என்று கேட்டோமா? சமாரியப் பெண்ணிடம் நம் ஆண்டவர் முதலில் போதிக்கவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார்.

வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகளில் வெள்ளம் நின்றுவிடும். அந்த மாதங்களில் உப்பு இல்லை, வேலையும் இல்லை. உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு ஏற்படுத்தியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் ஒரு குடும்பம் அதை வைத்து எத்தனை வாரம் அடுப்பெரிக்கும் என்பதை நம் வீட்டுச் சகோதரிகள் எனக்குக் கணக்குப் போட்டுச் சொல்லலாம்.

நம்முடைய அறுப்பின் பண்டிகையில் காய்கனிகளை ஏலம் விட்டு வரும் தொகையில் ஒரு பங்கை, இந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்தக் குடும்பங்களுக்கு அரிசியாகக் கொண்டுபோகலாம் என்று சபைக் கமிட்டியின் முன் வைக்கப்போகிறேன். மேடை, பதாகை, புகைப்படம் எதுவும் வேண்டாம். வர விரும்புகிறவர்கள் ஒரு முழுநாளை ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.